எதிராளியைக் கணிக்கும் போக்கர் புரோகிராம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிராளியின் ஆட்டத்தைப் படித்து, அவர் பலவீனத்தை வைத்தே அவரை வெல்ல வேண்டும் என்ற ஆசையில்தான் பலரும் போக்கர் புரோகிராம் எழுத உட்காருகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் எதிராளியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தகவல் கொஞ்சம், அதுவும் ஒருபக்கமாகச் சாய்ந்தது. இதை மறக்கும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

மிக மோசமான தவறு, காட்டப்பட்ட சீட்டுகளை மட்டும் வைத்து மாடலை, அதாவது எதிராளி எப்படி ஆடுவார் என்று கணிக்கும் பகுதியை, பழக்குவது. டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் (ஆளுக்கு 2 மறைவுச் சீட்டு, நடுவில் 5 பொதுச் சீட்டு) யாராவது ஃபோல்டு செய்துவிட்டால், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டால், அவர் கையில் என்ன இருந்தது என்று தெரியவே தெரியாது. சுமாரான சீட்டுகளை எதிராளி முன்பே போட்டுவிட்டுப் போயிருப்பார். நம் பதிவில் மிஞ்சுவது அவர் துணிந்து கடைசிவரை நின்ற ஆட்டங்கள்தான். அதை அப்படியே நம்பினால், ‘இவரிடம் எப்போதும் பலமான சீட்டு இருக்கிறது’ என்று புரோகிராம் முடிவு கட்டிவிடும். அப்புறம் அவர் பெட் (பந்தயம்) வைக்கும்போதெல்லாம் ஃபோல்டு செய்யும். ஃபோல்டு செய்வதால் அவருடைய பிளஃப் (பலவீனமான சீட்டோடு வைக்கும் ஏமாற்றுப் பெட்) ஒன்றுகூடக் கண்ணில் படாது. தவறான முடிவு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.

இதற்கு வழி, எதிராளியிடம் இருக்கக்கூடிய எல்லா இரு சீட்டு ஜோடிகளையும் கணக்கில் வைத்திருப்பது. நம் கையிலுள்ள 2 சீட்டு போக மீதி 50. அதில் 1,225 ஜோடிகள் சாத்தியம். ஃபிளாப், அதாவது முதல் 3 பொதுச் சீட்டுகள், விழுந்ததும் 1,081 ஆகும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எடை கொடுத்து, ஒவ்வொரு பெட்டுக்கும் செக்குக்கும் (பெட் வைக்காமல் வாய்ப்பைத் தள்ளிவிடுவது) பேயஸ் விதிப்படி, அதாவது புதுத் தகவலுக்கு ஏற்ப நிகழ்தகவைத் திருத்தும் விதிப்படி, அதை மாற்ற வேண்டும். சீட்டு காட்டாமல் முடிந்த ஆட்டங்களையும் இந்த எடைகளோடு சேர்த்தே மாடலைப் பழக்குங்கள். ‘ஏஸ்-ஏஸ்’, ‘ஏஸ்-கிங்’ இரண்டையும் ஒரே எடையில் தொடங்குவதும் அடிக்கடி நடக்கும் பிழை. 52 சீட்டில் முதலாவது 6 விதமாக வரும், இரண்டாவது 16 விதமாக.

அடுத்தது, கொஞ்சம் பார்த்துவிட்டு முழுக்க நம்புவது. மேசை நடுவே சேர்ந்த பந்தயத் தொகையான ‘பாட்’டில் 100 சிப் இருக்கிறது. ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு விழுந்த பின்) எதிராளி 100 பெட் வைக்கிறார். நம்மிடம் இருப்பது பிளஃப்பை மட்டுமே வெல்லக்கூடிய, ஒரே மதிப்புள்ள இரண்டு சின்னச் சீட்டு. 100 போட்டு வென்றால் 200 லாபம். ஆக, மூன்றில் ஒரு முறையாவது அவர் பிளஃப் செய்தால்தான் கால் செய்வது (அவர் பெட்டுக்கு ஈடு போடுவது) கட்டுபடியாகும். இதே இடத்தில் அவரை 5 முறை பார்த்திருக்கிறோம், ஐந்திலும் நிஜமான சீட்டு. வெறும் சராசரி எடுத்தால் பிளஃப் 0 சதவீதம். ஐந்தே ஆட்டத்தை வைத்து இப்படிச் சொல்வது அபத்தம். ‘30-க்கு 10 பிளஃப்’ என்ற முன்னனுமானத்தோடு தொடங்கியிருந்தால் இப்போது 35-க்கு 10, அதாவது சுமார் 29 சதவீதம். இது நியாயமான மதிப்பீடு.

சரி, மதிப்பீடு சரியாகிவிட்டது. ஆனால் 29 என்பது 33-க்குக் கீழே. மாடலுக்கு எதிரான சிறந்த பதிலை மட்டும் தேடும் புரோகிராம் இங்கேயும் ஒவ்வொரு முறையும் ஃபோல்டுதான் செய்யும். நாலு சதவீத வித்தியாசத்துக்கு நூறு சதவீத மாற்றம்! இதைக் கண்டுகொண்ட எதிராளி கையில் எது வந்தாலும் பெட் வைத்துப் பாட்டை அள்ளிக்கொண்டு போவார். அதனால் நாஷ் சமநிலைக்கு, அதாவது எதிராளி எப்படி ஆடினாலும் நம் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ள முடியாத ஆட்டமுறைக்கு, நெருக்கமான ஆட்டத்தை அடித்தளமாக வையுங்கள். ஆதாரம் கூடக் கூட மட்டுமே அதிலிருந்து விலகுங்கள். ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் இதற்கு ஓர் அழகான வழி காட்டினார்கள். எதிராளி ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் மாடல் சொல்கிறபடி ஆடுவார், மீதி நேரம் நம்மை வீழ்த்த எதையும் செய்வார் என்று வைத்துக்கொண்டு சமநிலையைக் கணக்கிடுவது. அந்த விகிதம்தான் நம் நம்பிக்கையின் அளவு.

2017-ல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் வென்ற லிப்ராட்டஸ் என்ற போக்கர் புரோகிராம் எதிராளிகளின் பலவீனத்தைத் தேடவே இல்லை. அவர்கள் வைத்த பெட்டுகள் தன் ஆட்டத்தில் எந்த ஓட்டையைக் காட்டினவோ, அதை இரவோடிரவாக அடைத்தது.

தகவலைப் பொடிப்பொடியாகப் பிரிப்பதும் வேண்டாம். இருக்கை, பெட் அளவு, சிப் கையிருப்பு என்று கூறுபோட்டால் ஒவ்வொரு கூறிலும் இரண்டு மூன்று ஆட்டம்தான் மிஞ்சும். பழைய ஆட்டங்களின் எடையைக் குறைத்துக்கொண்டே வருவதும் அவசியம், ஏனென்றால் மனிதர்கள் ஆட்டத்தை மாற்றுவார்கள்.

கடைசியாக, சோதனை. சில ஆயிரம் ஆட்டங்களில் ஜெயித்ததை வைத்து எதையும் சொல்லிவிடாதீர்கள். 2015-ல் கிளாடிகோ என்ற போக்கர் புரோகிராம் 80,000 ஆட்டம் ஆடி மனிதர்களிடம் பின்தங்கியபோதும், அது தோல்வியா, புள்ளியியல்படி சமனா என்ற வாதம் எழுந்தது. அதே சீட்டுகளை இடம் மாற்றிக் கொடுத்து இரண்டு முறை ஆடவிட்டால் அதிர்ஷ்டத்தின் பங்கு வெகுவாகக் குறையும். இரண்டாம் முறைக்கு முன் புரோகிராமின் நினைவை அழிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முதல் சுற்றில் படித்ததோடு ஆடும். முதல் 1,000 ஆட்டம் பிளஃப் செய்யாமல், பிறகு திடீரென்று பிளஃப்பாகவே ஆடும் ஓர் எதிராளியையும் எழுதி எதிரே உட்காரவையுங்கள். மாடல் திருந்துவதற்குள் எத்தனை சிப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.