பந்தி பரமசிவத்தை எப்படிச் செய்தேன்

திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் 12 வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். எந்த மண்டபத்துக்குப் போனாலும் பந்தி நடக்கும் இடத்தில் ஒருவர் நிற்பார். கல்யாணத்துக்கு அவர் அஞ்சு பைசா போட்டிருக்க மாட்டார். ஆனால் "அந்த வரிசைக்கு ரசம் போகல", "இந்த எலைக்கு யாருப்பா ஆளு?" என்று கை நீட்டிக்கொண்டே இருப்பார். தோளில் துண்டு, சட்டைப்பையில் பேனா, அதன் பின்னால் இன்னும் பேர் எழுதாத மொய்க் கவர். அவரைத்தான் என் யூடியூப் காமெடி வீடியோக்களில் நானே நடிக்கும் பந்தி பரமசிவம் ஆக்கினேன். பெரிய பெரிய ஹீரோக்களைப் பந்தியில் மறித்து அவர் விசாரிப்பார். ஹீரோக்கள் தங்கள் படத் துண்டுகளிலிருந்து பதில் சொல்வார்கள்.

நீங்களும் இப்படி ஒரு ஆளைச் செய்ய நினைத்தால், தயவுசெய்து கிளிப்பில் இருந்து தொடங்காதீர்கள். என் முதல் மூன்று வீடியோக்கள் அப்படித்தான் வீணாகின. எல்லோருக்கும் தெரிந்த காமெடியை எடுத்து நடுவில் என் முகத்தை ஒட்டினேன். சிரிப்பு வந்தது, ஆனால் அது பழைய காமெடிக்கு வந்த சிரிப்பு. நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

2019 மே மாதம் நேசமணி விஷயம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம் ஆள் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, காண்ட்ராக்டர் நேசமணி தலையில் இது விழுந்த கதையையும் சேர்த்துச் சொன்னார். 2001-ல் வந்த படத்தில் வடிவேலு செய்த பாத்திரம். பிறகு ஊர் உலகமெல்லாம் நேசமணிக்காகப் பிரார்த்தனை. அங்கே யாரும் ஜோக் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி கவலையோடு பேசினார்கள். அதனால்தான் சிரிப்பு. பரமசிவமும் சிரிக்க மாட்டார். அவருக்கு ரசம் போகாதது நிஜமான கவலை.

அடுத்து, உங்கள் ஆளுக்கு ஒரு கேள்வி வேண்டும். இதைக் கூத்திலிருந்து எடுத்தேன். தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் ராஜா வந்து நின்றதும், நீ யார், எந்த ஊர் என்று கோமாளியாக வரும் கட்டியங்காரன் கேட்பான். ராஜாவே ஆனாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பரமசிவம் கேட்பது: "தம்பி மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" பத்து பேரை அடித்துப் போட்டுவிட்டு வருகிற ஹீரோவிடம் இதைக் கேட்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

இப்போது கிளிப். நான் படத்தின் பெயரில் சேர்த்து வைப்பதில்லை. என் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர்களின் பெயர்கள்: முறைப்பு, பெருமூச்சு, திரும்பிப் பார்த்தல், கதவைச் சாத்துதல், கண் கலங்குதல், கூலிங் கிளாஸ். வசனமே இல்லாத துண்டுதான் தங்கம். பேசுகிற துண்டு ஒரு அர்த்தம்தான் தரும். முறைப்பை அப்பளத்துக்கும் மாட்டலாம், மொய்க்கும் மாட்டலாம்.

ஒரு காட்சியைப் பிரித்துக் காட்டுகிறேன். ஹீரோ திரையின் இடப்பக்கம் பார்த்து முறைக்கிறார் என்றால், நான் வலப்பக்கம் பார்த்து நடிக்க வேண்டும். இது தவறினால் இருவரும் ஒரே சுவரைப் பார்ப்பது போல இருக்கும். ஹீரோவைப் பெரும்பாலும் கீழிருந்து எடுத்திருப்பார்கள். அதனால் என் கேமராவைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, அண்ணாந்து பார்த்துப் பேசுவேன். சினிமா 24 ஃபிரேம். என் கேமராவையும் 24-ல் வைத்துவிடுவேன். பிறகு என் படத்தின் கூர்மையைக் குறைத்து, பழைய படச்சுருளில் தெரிகிற மாதிரி லேசாகப் புள்ளி தூவ வேண்டும். இல்லாவிட்டால் பழைய படத்துக்கு நடுவில் நான் மட்டும் நேற்றுக் குளித்து வந்தவன் மாதிரித் தெரிவேன்.

"மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" கேட்டதும் உடனே வெட்டாதீர்கள். அரை விநாடி, அதாவது 12 ஃபிரேம், என் முகத்திலேயே நிற்கட்டும். பிறகு ஹீரோவின் முறைப்பு, முழுதாக இரண்டு விநாடி. மறுபடி நான்: "சரி சரி, ரெண்டு வீடும்னு வெச்சுக்குவோம். உக்காரு." இரண்டு விநாடி என்பது எடிட்டிங் டேபிளில் யுகம் போல இருக்கும், கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள்.

ஒட்டு தெரிவது கண்ணுக்கு அல்ல, காதுக்கு. படத் துண்டில் பின்னணி இசை ஓடும், என் ஷாட்டில் ஃபேன் சத்தம் ஓடும். ஒவ்வொரு வெட்டிலும் இரண்டும் மாறி மாறித் துள்ளும். அதற்கு நான் செய்வது இதுதான்: துண்டின் சத்தத்தை முடிந்தவரை எடுத்துவிட்டு, இரண்டு பேருக்கும் அடியில் ஒரே மண்டபச் சத்தத்தை ஓட விடுவேன். வாளி இழுபடுவது, டம்ளர் உருளுவது, தூரத்தில் நாதஸ்வரம் சுருதி சேர்ப்பது. காலி மண்டபத்தில் சமையல்காரர்களிடம் கேட்டு நானே பதிவு செய்தது. வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்திலிருந்து ஒரு நொடிகூட எடுக்க மாட்டேன்.

இசையை எடுத்துவிடுவதில் இன்னொரு லாபம், யூடியூபில் முதலில் மாட்டுவது பாட்டுதான். பத்து விநாடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி ஒரு விதி கிடையாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கு இடம் தருகிறது, ஆனால் பகடி என்ற சொல் அதில் தனியாக இல்லை. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக், அதாவது பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை, வந்தால் சேனலே போகலாம். அதனால் துண்டு சின்னதாகவும் என் பங்கு பெரிதாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு தப்பு செய்தேன். நான் எடிட் செய்த ஒரு கல்யாணத்தில் ஒரு மாமா தொண்டையைச் செருமிவிட்டு மூக்கைத் தேய்ப்பார். அதை அப்படியே பரமசிவத்துக்குக் கொடுத்தேன். வீடியோ அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே போய்விட்டது. அந்தக் கல்யாணத்தின் பாக்கிப் பணம் இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் நடை ஒருவருடையது, தோள் துண்டு ஒருவருடையது, இருமல் என்னுடையது.

போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டுவேன். அவர் சிரிக்கிறாரா என்று பார்ப்பதில்லை. "இது யாரு வீட்டுக் கல்யாணம்டா?" என்று கேட்டால் ஒட்டு தெரியவில்லை என்று அர்த்தம். இதுவரை 9 வீடியோ போட்டிருக்கிறேன். இரண்டுக்குத்தான் அப்படிக் கேட்டார்.