வோல்டேஜும் கரண்ட்டும் தெரிஞ்சா ரெசிஸ்டன்ஸ், பவர் கணக்கு போடுறது எப்படி?

கையில மல்டிமீட்டர் இருக்கு, வோல்டேஜ் அளந்தாச்சு, கரண்ட்டும் அளந்தாச்சு, இனி இந்த ரெண்டு நம்பரை வச்சு அந்த பார்ட்டோட ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு, எவ்வளவு பவர் இழுக்குதுன்னு பார்க்கணும், இவ்வளவுதான் வேலை. ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். கணக்கு ஈஸிதான், ஆனா புதுசா பண்றவங்க பெரும்பாலும் சறுக்குறது ரெண்டு இடத்துல: எந்த வோல்டேஜை எடுக்கணும்ங்கறது ஒண்ணு, மில்லி ஆம்பியரை மாத்தாம விடுறது இன்னொண்ணு.

ஸ்டெப் 1: சரியா அளக்கணும்

வோல்டேஜ் அளக்க மீட்டரோட ரெண்டு ப்ரோபையும் அந்த பார்ட்டோட ரெண்டு முனைல வச்சா போதும், எதையும் கழட்ட வேண்டாம். கரண்ட் அப்படி இல்ல, வயரை ஒரு இடத்துல கழட்டி நடுவுல மீட்டரை போட்டு, கரண்ட் மீட்டருக்குள்ள புகுந்து போற மாதிரி வைக்கணும். கரண்ட் மோடுல இருக்கும்போது ப்ரோபை பேட்டரியோட ரெண்டு முனைலயும் நேரா வச்சுடாதீங்க, அது ஷார்ட் சர்க்யூட்தான், மீட்டர் ஃப்யூஸ் போயிடும். பழகுறதுக்கு சின்ன பேட்டரி போதும், வீட்டு லைன்ல கை வைக்காதீங்க.

ஸ்டெப் 2: யூனிட்டை மாத்துங்க

மீட்டர் 20 மில்லி ஆம்பியர்னு காட்டினா அதை 1000ஆல வகுத்து 0.02 ஆம்பியர்னு எழுதிக்கோங்க. இதை விட்டுட்டா விடை ஆயிரம் மடங்கு தப்பாயிடும்.

ஸ்டெப் 3: ரெசிஸ்டன்ஸ்

ரெசிஸ்டன்ஸ் = வோல்டேஜ் ÷ கரண்ட்

ஜெர்மன் இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827ல வெளியிட்ட விதிதான் இது, ரெசிஸ்டன்ஸை அளக்குற ஓம்ங்கற யூனிட்டே அவர் பேருதான். ஒரு ரெசிஸ்டர்ல 5 வோல்ட் இருக்கு, 20 மில்லி ஆம்பியர் ஓடுதுன்னா, 5 ÷ 0.02 = 250 ஓம். யூனிட் மாத்தாம 5 ÷ 20 போட்டா 0.25னு வரும், அதை ஓம்னு எழுதினா போச்சு. ஆனா இதுல ஒரு ஷார்ட்கட் ஒளிஞ்சிருக்கு, வோல்ட்டை மில்லி ஆம்பியரால வகுத்தா வர்றது கிலோ ஓம், அதாவது அந்த 0.25 தப்பான நம்பர் இல்ல, 0.25 கிலோ ஓம், அதே 250 ஓம்தான். எலக்ட்ரானிக்ஸ் வேலைல பலரும் மனசுக்குள்ள இப்படித்தான் போடுவாங்க.

ஸ்டெப் 4: பவர்

பவர் = வோல்டேஜ் × கரண்ட்

அதே ரெசிஸ்டருக்கு 5 × 0.02 = 0.1 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாராளமா தாங்கும்.

இப்போ எந்த வோல்டேஜ்ங்கற விஷயத்துக்கு வருவோம். 9 வோல்ட் பேட்டரில ஒரு சிவப்பு எல்இடி எரிய வைக்கணும், எல்இடிக்கு 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர்னு வச்சுக்கோங்க. சீரிஸ்ல, அதாவது எல்இடியோட ஒரே வரிசைல போடுற ரெசிஸ்டருக்கு 9 வோல்ட்டை எடுத்து கணக்கு போட்டா 450 ஓம் வரும், அது தப்பு, ஏன்னா எல்இடி 2 வோல்ட்டை எடுத்துக்கிட்டது போக ரெசிஸ்டர் மேல விழறது 7 வோல்ட்தான். 7 ÷ 0.02 = 350 ஓம். கடைல 350 கிடைக்காது, அதுக்கு மேல இருக்கிற 360 இல்ல 390 வாங்கிக்கோங்க, வெளிச்சம் லேசா குறையும், எல்இடி பத்திரமா இருக்கும். பவர் 7 × 0.02 = 0.14 வாட், இதுக்கும் கால் வாட் போதும். சப்ளை வோல்டேஜ் வேற, பார்ட் மேல விழற வோல்டேஜ் வேற, இது மண்டைல ஏறிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

வோல்டேஜ் தெரியாம கரண்ட்டும் ரெசிஸ்டன்ஸும் மட்டும் தெரிஞ்சா, கரண்ட் × கரண்ட் × ரெசிஸ்டன்ஸ் போட்டாலும் பவர்தான் வரும். லூசான கனெக்‌ஷன் ஏன் சூடாகுதுன்னு இதுல பார்க்கலாம்: ஒரு ஜாயின்ட்ல 0.1 ஓம் இருக்கு, 10 ஆம்பியர் போகுதுன்னா 10 வாட் சூடு, அதுல 20 ஆம்பியர் போனா 20 வாட் இல்ல, 40 வாட். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. அந்த சின்ன இடத்துல 40 வாட்னா பிளாஸ்டிக் உருக ஆரம்பிச்சுடும்.

விடை ஒத்துப்போகாத இடமும் இருக்கு. 12 வோல்ட், 21 வாட் இழை பல்பை எடுத்துக்கோங்க, கரண்ட் 1.75 ஆம்பியர், ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 6.9 ஓம். அதே பல்பை கழட்டி ஓம் மோடுல அளந்தா ஒரு ஓம் கூட காட்டாது. மீட்டர் கெட்டுப்போகல, டங்ஸ்டன் இழை சூடானா அதோட ரெசிஸ்டன்ஸ் பத்து மடங்குக்கு மேல ஏறும், கணக்குல வந்தது எரியும்போது உள்ளது. எல்இடி, டயோடு மாதிரி ஐட்டங்களுக்கும் நிலையான ரெசிஸ்டன்ஸ்னு ஒண்ணு கிடையாது, ஆனா பவர் கணக்கு அதுக்கும் சரியாவே வரும்.

வீட்டு லைன்ல வர்ற ஏசி கரண்ட்ல ஓடுற ஹீட்டர், இஸ்திரி பெட்டி மாதிரி வெறும் சூடு தர்ற சாமானுக்கு இதே ஃபார்முலா போதும். மோட்டார் மாதிரி சாமான்னா வோல்டேஜ் × கரண்ட்டை பவர் ஃபேக்டரால (அதுல உண்மையான பவர் எவ்வளவு பங்குன்னு சொல்ற, 1க்கு குறைவான நம்பர்) இன்னொரு தடவை பெருக்கணும், இல்லாட்டி உண்மையான பவரை விட கூடுதலா காட்டும்.