மார்கழிக் குளிரில் விரால் மீனுக்கு எந்த லூர் (செயற்கை இரை)?

போன வாரம் சென்னை ரெட்டேரிப் பக்கம் விடியற்காலையில் தவளை வடிவ ஃப்ராக் லூரை வீசி வீசிக் கை வலித்ததுதான் மிச்சம். தண்ணீர் சில்லென்று இருந்தால் விரால் மந்தமாகிவிடும். மேலே ஓடுவதைத் துரத்தாது. அப்போது ரப்பர் புழுதான் சரி. அடிவரை இறங்க விட்டு, ரீலை அரைச் சுற்று சுற்றி, பத்து எண்ணி, மறுபடி அரைச் சுற்று. வெயில் ஏறி ஆகாயத்தாமரை ஓரம் கொஞ்சம் சூடானதும் தவளையை எடுக்கலாம்.

திடீர் மழையில் தண்ணீர் கலங்கினால் தகடு சுழலும் ஸ்பின்னர் போடுங்கள், அந்த அதிர்வு மீனுக்குத் தெரியும். இல்லையென்றால் கறுப்புத் தவளை. தவளையைக் கவ்விய 'பளக்' சத்தம் கேட்டதும் தூண்டிலைச் சுண்டாதீர்கள். 2 நொடி விட்டு இழுங்கள். அவசரப்பட்டு இழுத்து, வெறும் லூரை முகத்தில் வாங்கியவன் நான்.