உசாம்பரா பபூன் சிலந்தியைக் காட்சிக்கு வளர்க்கும் முறை

தான்சானியாவின் உசாம்பரா மலைப்பகுதியின் பெயரால் அறியப்படும் இந்த ஆரஞ்சு நிறச் சிலந்தி, 1897இல் பிரித்தானிய விலங்கியலாளர் போகாக் விவரித்த டெரினோகிலஸ் மியூரினஸ் இனத்தைச் சேர்ந்தது. இதைக் கையில் எடுக்கவே கூடாது. கண்ணாடிக்கு வெளியே நின்று ரசிப்பதற்கு மட்டுமே வாங்க வேண்டும். டாரன்டுலாக்கள் எனப்படும் பெரிய மயிரடர்ந்த சிலந்திகளில் அமெரிக்க வகைகள் பலவற்றுக்கு, எதிரியின் மீது உதிர்க்கும் அரிப்பு மயிர்கள் உண்டு. இதற்கு அந்தத் தற்காப்பு இல்லாததால், அச்சமுற்றதும் முன்கால்களை உயர்த்திக் கருநிற நச்சுப்பற்களைக் காட்டும், விலகாவிட்டால் கடித்துவிடும். அந்தக் கடி கடும் வலியையும் தசைப்பிடிப்பையும் தரக்கூடியது.

வளர்ந்த சிலந்திக்கு 30 செ.மீ. நீள அகலமும் பூட்டும் உள்ள, காற்றோட்டமான கண்ணாடிப் பெட்டி போதும். அதில் 12 செ.மீ. ஆழத்துக்கு உலர்ந்த மண்ணை அழுத்திப் பரப்பி, ஒரு மரப்பட்டையைச் சாய்த்து, நீர்க்கிண்ணத்தைக் கதவருகே வைத்துவிட்டால், நாளடைவில் பட்டையைச் சுற்றிப் புனல் போன்ற வாயுடன் அடர்த்தியான வெண்வலையைப் பின்னிவிடும். சுத்தம் செய்வதாக எண்ணி அதைக் கலைத்துவிடாதீர்கள். ஒளிய இடமுள்ள சிலந்தி தாக்குவதைவிட ஓடி மறையவே முற்படும்.

வாரம் ஒரு கரப்பான் பூச்சியை நீண்ட இடுக்கியால் போடலாம். சிலந்தி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். சிலந்தி வெளியே ஓடிவந்தால் பிடிக்க, மூடியுடன் கூடிய டப்பா ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிலந்தி மல்லாந்து கிடந்தால் பெரும்பாலும் தோலுரிக்கிறது என்று பொருள். தொடாமல், இரை போடாமல் விட்டுவிடுங்கள்.