ட்ரெக்கிங்குக்கு ஹெட்லேம்ப் வாங்குகிறீர்களா?

நெற்றியில் கட்டும் ஹெட்லேம்ப் வாங்கப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை லூமன்?" லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. நான் கேட்பது, "எவ்வளவு குறைக்க முடியும்?" கூடாரத்துக்குள் மாத்திரை தேட 5 லூமன் தாராளம். சமைக்க 30, 40 போதும். தெளிவான பாதையில் இரவு நடக்க 100. வழி தவறி எதிரே என்ன இருக்கிறது என்று துழாவும்போதுதான் 200-க்கு மேல் வேண்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு. பெரும்பாலான நேரம் குறைந்த வெளிச்சத்தில்தான் ஓடப்போகிறது. அது ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். எஃப்எல்1 என்ற அளவீட்டு முறைப்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரம்தான் அது. 300 லூமன் விளக்கு கடைசியில் 30 லூமன் தந்துகொண்டிருந்தாலும் அந்த நேரமும் கணக்கில் சேரும்.

எடையைப் பேட்டரியோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று ஏஏஏ ஆல்கலைன் பேட்டரி மட்டுமே சுமார் 35 கிராம். லித்தியம் என்றால் 23 கிராம் அளவில் முடிந்துவிடும், குளிரிலும் சட்டென்று தளராது. இன்னொரு பக்கம், சார்ஜ் செய்யும் நைட்கோர் என்யு25 யுஎல் போன்றவை மெல்லிய பட்டையோடு சேர்த்தே 45 கிராம்தான். போனுக்காக எப்படியும் பவர் பேங்க் தூக்குகிறீர்கள் என்றால் இந்த வகையே போதும், ஒரே கேபிளில் இரண்டுக்கும் சார்ஜ் ஏறுமானால். பல நாள் சார்ஜுக்கு வழியில்லாத பயணத்துக்கு மாற்றும் பேட்டரியே நிம்மதி.

அடுத்து, பட்டன் தவறி அழுந்தினாலும் விளக்கு எரியாமல் தடுக்கும் பூட்டு. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒருமுறை இரண்டாம் நாள் சாயங்காலம் பையைத் திறந்தால், துணிகளுக்கு நடுவே விளக்கு கதகதவென்று இருந்தது. பட்டன் அழுந்தி, பகல் முழுக்க எரிந்திருக்கிறது. அன்று ராத்திரி தண்ணீர் எடுக்க ஓடைக்கு இறங்கியது, கூட வந்தவரின் வெளிச்சத்தில் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து. பூட்டு இல்லாத விளக்கை அதற்குப்பிறகு நான் வாங்கியதில்லை.

சிவப்பு விளக்கும் அவசியம். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் வீண். அதனால் வெள்ளையைத் தொடாமல் நேரே சிவப்புக்குப் போக முடிகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். பக்கத்தில் தூங்குபவருக்கும் அது உதவி.

மழைக்கு ஐபிஎக்ஸ்4, அதாவது நீர் தெறித்தாலும் தாங்கும் தரம், போதும். மூடுபனியில் நெற்றி விளக்கு கண்ணெதிரே வெள்ளைச் சுவர்போல நிற்கும். கழற்றி இடுப்பளவில் பிடித்தால் பாதை தெரியும். அப்புறம், கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுதாக சார்ஜ் ஏற்றி, நடக்கும் அளவு வெளிச்சத்தில் எரியவிட்டு, எத்தனை மணி நேரத்தில் மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை இரவு தாங்கும் என்பதை அந்தக் கணக்கிலிருந்து போடுங்கள்.