காலக்கோட்டில் இரண்டு 2600

போன வாரம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பழைய நாகரிகங்கள் பற்றிப் பிள்ளைகள் வரைந்த காலக்கோடு சுவர் முழுக்க நீண்டிருந்தது. பார்த்ததுமே எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. சிந்துவெளியும் கீழடியும் ஒரே காலத்தில் நின்றன. அதே தவறை நானும் செய்திருக்கிறேன், அதுவும் கைக்காசைப் போட்டு. பாபிலோன் அரசன் ஹம்முராபி பெயரில் பிழை, டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகள் இடம் மாறிக் கிடப்பது எல்லாம் யாராவது சொன்னால் திருத்திவிடலாம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு 2600-ஐ ஒன்றாக்குவது

மொகஞ்சதாரோ போன்ற சிந்துவெளி நகரங்கள் செழித்திருந்த காலம் சுமார் கி.மு. 2600 முதல் 1900 வரை. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு வந்த காலம் கி.மு. 580. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் இதை வெளியிட்டதும், '2600 ஆண்டுப் பழமை' என்று ஊரெல்லாம் பேச்சு. அதுவும் சரிதான், 580-ஐயும் 2019-ஐயும் கூட்டிப் பாருங்கள். ஆனால் இந்த 2600 நம் காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணியது. சிந்துவெளியின் 2600 கிறிஸ்து பிறப்பிலிருந்து பின்னோக்கி எண்ணியது. நடுவில் 2000 ஆண்டு இருக்கிறது.

நானோ குறிப்பேட்டில் இரண்டுக்கும் நேரே வெறும் 2600 என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்தே 12 அடி பிளெக்ஸ் அடித்து மாட்டினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் தம்பி, கீழடிக்காரங்க மொகஞ்சதாரோவுல பொண்ணு எடுத்திருப்பாங்களோ?" என்றார். பிளெக்ஸை அன்றே கழற்றினேன். இப்போது அது எங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் மழைக்கு உதவுகிறது.

அதனால் எண்ணைத் தனியாக எழுதவே எழுதாதீர்கள். 'கி.மு.' என்றோ 'ஆண்டுகளுக்கு முன்' என்றோ எண்ணோடு ஒட்டியே எழுதுங்கள். ஆய்வுக்கூட அறிக்கையைப் பார்த்து எழுதினால் இன்னொரு குழி உண்டு. பொருளில் மிஞ்சியிருக்கும் கரிமம்-14-ஐ அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பில் 'இன்றைக்கு முன்' என்றால் அந்த 'இன்று' 1950. அதிலும் திருத்தாத எண்ணா, திருத்திய எண்ணா என்று பார்க்க வேண்டும். காற்றில் கரிமம்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. கி.மு. 2000 வாக்கில் இதனால் மட்டுமே சுமார் 300 ஆண்டு தள்ளிப்போய்விடும்.

நூற்றாண்டு

ஹம்முராபி ஆண்டது கி.மு. 1792 முதல் 1750 வரை. 17 என்று தொடங்குவதைப் பார்த்து 17-ஆம் நூற்றாண்டு என்று எழுதிவிடாதீர்கள், அது கி.மு. 18-ஆம் நூற்றாண்டு.

மொகஞ்சதாரோவில் அரண்மனை வரைவது

எகிப்தில் பார்த்ததை அப்படியே சிந்துவெளிக்குக் கொண்டுவந்து சிம்மாசனம் போட்டுவிடுகிறார்கள். அங்கே பெருங்குளம் உண்டு, செங்கல் வடிகால் உண்டு. அரண்மனை என்று உறுதியாகக் கைகாட்ட ஒரு கட்டடம் இல்லை. 'பூசாரி அரசன்' இருக்கிறாரே என்பார்கள். 17.5 செ.மீ. உயரச் சிலை அது. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது நம் காலத்து ஆட்கள்.

சிந்து எழுத்துக்குப் பொருள் எழுதுவது

எழுதாதீர்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட வாசிப்பு இன்னும் வரவில்லை.