மழைக்காலக் கோத்தகிரியிலிருந்து சர்வருக்குக் கோப்பு அனுப்ப

கோப்பு அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி வேண்டாம், அதில் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகப் போகும். கோப்பு அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவின் சைட் மேனேஜரில், எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி தேர்ந்தெடுத்து, போர்ட் 22 கொடுங்கள். முதல் முறை இணையும்போது சர்வரின் ஃபிங்கர்பிரின்ட், அதாவது அதை அடையாளம் காட்டும் எழுத்து வரிசை, காட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஓகே அழுத்தாமல், சர்வரைப் பராமரிப்பவரிடம் போனில் கேட்டு ஒப்பிடுங்கள். பின்னாளில் அது மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், காரணம் தெரியும்வரை இணைக்காதீர்கள்.

பாஸ்வேர்டைவிட, அதற்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் சாவிக் கோப்பு மேல். லினக்ஸில் அதன் அனுமதி 600 (உரியவர் மட்டும் படிக்க, எழுத) இருக்கட்டும். பிறரும் படிக்கலாம் என்றிருந்தால், சர்வரோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் அதை ஏற்காது.

ஐப்பசி மழையில் கரண்ட் போய் மோடம் அணைந்தால், கோப்பு நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளை மறுபடி முதலிலிருந்தே அனுப்பும். 2 ஜிபி கோப்பென்றால் வெறுத்துவிடும். அதற்குப் பதில் ஆர்சிங்க் (rsync) கட்டளையில் இரட்டைக் கோடு போட்டு ‘பார்ஷியல்’ (--partial) சேர்த்தால், போன பகுதி சர்வரிலேயே தங்கும். லைன் வந்ததும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள்.